முதுகு காட்டிப் பேசிய மேகம்

சொட்டு ஒரு குட்டி மேகம். வானத்தில் இருக்கிற மேகங்களிலேயே ஆகச் சின்னது அதுதான். ஒரு தலையணை அளவுகூடத் தேறாது. மற்ற மேகங்கள் எல்லாம் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, சொட்டு கண்ணை மூடிக்கொண்டு முக்கும், முனகும், கடைசியில் தும்மும். தும்மினால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அதனால்தான் அந்தப் பேர்.

என்னது, சொட்டுவைத் தெரியாதா? அட போங்கப்பா! மலாக்கா பக்கத்தில் இருக்கிற ரெம்பியாவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே!

முதலில் சொட்டு சினிமாவில்தான் வந்தது. மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிற குட்டி ஸ்டூடியோவில் செய்த கார்ட்டூன் படம் அது. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமெல்லாம் காய்ந்து கிடக்கும். சொட்டுவின் அம்மா ஒரு பெரிய கருமேகம். அது மழையாக இறங்கினால்தான் மரங்கள் பிழைக்கும். ஆனால் இறங்கிவிட்டால், அம்மா மேகம் வானத்தில் இருக்காது.

அம்மா மேகம் கேட்கும். "நான் மழையா இறங்கி, ஆத்துல ஓடி, கடலுக்குப் போயி, மறுபடியும் மேகமா உங்கிட்ட வருவேன். வருவேன்னு நம்புறியா, கண்ணு?"

சொட்டு சொல்லும். "ஓம்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கேயோ ஒரு மணி அடிக்கும். மழை பெய்யும். படம் முடிந்துவிடும். தியேட்டரில் பெரியவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிடவே செய்தார்கள்.

படம் வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. இந்த வருடம் அதே சொட்டு டிவிக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில், வாரத்துக்கு ஒரு கதை.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். படத்தில் சொட்டுவுக்குக் குரல் கொடுத்தது ரெம்பியாவில் இருக்கிற நிஷாந்த். அப்போது அவன் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். இப்போது பதினான்கு வயது, இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். குரல் உடைந்துவிட்டது. வாயைத் திறந்தால் தொண்டைக்குள் லாரி ஓடுகிறது. குட்டி மேகத்துக்கு லாரிக் குரல் வைத்தால் யாராவது பார்ப்பார்களா?

அதனால் டிவியில் சொட்டுவாகப் பேசுவது அவன் தங்கை வதனா. பத்து வயது, நான்காம் ஆண்டு மாணவி.

இது ஏன் ரகசியம் என்றால், டைரக்டர் மோகனா அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். "வதனா, சின்னப் பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அவங்களுக்குச் சொட்டு சொட்டாவே இருக்கட்டும்."

வதனாவும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

குரல் பதிவு செய்கிற அறை வதனாவுக்கு ரொம்பப் பிடிக்கும். கதவைச் சாத்தினால் உலகமே அமைதியாகிவிடும். விளக்கை அணைத்துவிடுவார்கள். எதிரே திரையில் நீல வானம் மட்டும் தெரியும். காதில் பெரிய ஹெட்போன். அதை மாட்டியதும் தன் மூச்சே காற்று வீசுவது போல அவளுக்குக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கால் தரையில் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாது. கீழே செம்பனை மரங்கள், அந்தப் பக்கம் ஆறு, நடுவில் தான் மட்டும் மெல்ல மிதந்து போவது போல இருக்கும். அவளுக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வரும்.

"வதனா! தூங்கிட்டியாடா? உன் டயலாக் வருது!"

"வருதா! சரிக்கா!"

"இப்ப சொட்டு மந்திரம் சொல்லுற இடம். வயித்துலேர்ந்து சொல்லணும். நல்லா நீட்டி."

"ஓஓஓஓம்!"

திரையில் மின்னல் வெட்டும். தொலைந்துபோன காற்றாடி பறந்து வரும். வழி தவறிய நாரைக்குஞ்சு திரும்பி வரும். டிவிக் கதையில் அப்படித்தான். சொட்டு வாயைப் பிளந்து ஓம் சொன்னால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஆனால் வதனாவுக்கு ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனியில் ஏதோ உறுத்தும். ஏனென்றால், அவள் வீட்டில் ஓம் என்பதே வேறு.

"வதனா, சாப்பிட வாறியா?"

"ஓம், அம்மா."

"வீட்டுப்பாடம் முடிச்சிட்டியா?"

"ஓ...ம்." (இது பொய். இழுத்துச் சொன்னால் பொய்யென்று அம்மாவுக்கும் தெரியும்.)

வதனாவின் கொள்ளுத் தாத்தா காலத்தில் அவர்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாக்காவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் இன்னும் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வார்கள். சாமி அறையில் சொல்கிற ஓம் ஒன்று, சமையலறையில் சொல்கிற ஓம் இன்னொன்று.

அன்றைக்குப் படத்தில் நிஷாந்த் சொன்னதும் சமையலறை ஓம்தான்! வசனம் மறந்துபோய், வீட்டில் சொல்வது போலச் சொல்லிவிட்டான். மோகனா அக்காவோ, பிள்ளை மந்திரம் சொல்கிறது என்று நினைத்து அழுதுவிட்டார். அந்த மந்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது டிவிக் கதையே ஓடுகிறது.

"அண்ணா, அப்பவே நீ ஏன் சொல்லேல்ல?" என்று வதனா ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாரும் கைதட்டிச்சினம். பிறகு மைலோ ஐஸ் வாங்கித் தந்திச்சினம். குடிச்ச பிறகு எப்பிடிச் சொல்லுறது?" என்றான் நிஷாந்த்.

சரி, போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று வதனாவும் விட்டுவிட்டாள். அப்படி விட முடியாமல் செய்தவள் அனு.

அனுசியா பக்கத்து வீட்டுப் பெண். ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை. அவளுடைய அப்பா வீரப்பன், செங் என்ற ஊரில் இருக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதக் கடைசி சனிக்கிழமை வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவார். அப்பா வேலையிலிருந்து வரும் வரைக்கும் அனு இருப்பது வதனா வீட்டில்தான்.

அனுவுக்குச் சொட்டு என்றால் உயிர். அப்பாவின் கைப்பேசியில் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் ஏறும்போது, "வருவேன்னு நம்புறியா, கண்ணு?" என்று கேட்பார். அனு மெல்ல, "ஓம்" என்பாள். அது அவர்கள் இருவரின் விளையாட்டு. சொல்லிவிட்டு அனு அழமாட்டாள். ஐஸ்கிரீம் வேண்டும் என்றுதான் கேட்பாள்.

பாருங்கள், யாரும் சொல்லித் தராமலே அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஓம் என்றால் என்னவென்று புரிந்திருந்தது. பெரியவர்களுக்குத்தான் புரியவில்லை.

டிவியில் சொட்டு வந்த பிறகு பள்ளிக்கூடமே ஓஓஓம் என்று அதிர்ந்தது. ஒருவன் தொலைந்த அழிப்பானுக்கு ஓஓஓம் சொன்னான். இன்னொருத்தி கேன்டீனில் தீர்ந்துபோன நாசி லெமா சோற்றுக்கு ஓஓஓம் சொன்னாள். வதனாவுக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்த மாதக் கடைசி சனிக்கிழமை அனுவின் அம்மா வரவில்லை. வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. வானம் வெள்ளையும் சாம்பலுமாகத் தாழ்ந்து வந்து கூரைகளைத் தொடுவது போல இருந்தது. வதனா வாசல் பக்கம் வந்தாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அனு நின்றாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"ஓஓஓஓம்!"

பக்கத்து வீட்டுப் பூனை விழுந்தடித்துக்கொண்டு ஓடியது.

"அனு! மழையில நின்னுக்கிட்டு என்னடி பண்ற?"

"அம்மாவைக் கூப்பிடறேன்." அவள் தொண்டை கட்டிப் போயிருந்தது. காற்றுதான் பாதி வந்தது. "சொட்டு சொன்னா காத்தாடி வந்துச்சு. குருவிக்குஞ்சு வந்துச்சு. நான் சொன்னா ஒண்ணும் வரல, வதனாக்கா."

"அது நாரைக்குஞ்சு" என்று வாய்வரைக்கும் வந்ததை வதனா விழுங்கிக்கொண்டாள். "உள்ள வா, தலையைத் துவட்டலாம்."

"நான் இத்தனை நாளா தப்பாச் சொல்லிட்டேன்க்கா. சின்னதாச் சொல்லிட்டேன். இப்பிடிக் கத்திச் சொல்லணுமாம். எனக்குத் தெரியாது. அதனாலதான் அம்மா வரல."

கத்தச் சொல்லிக் கொடுத்தது யார்? வதனாதான்!

"அனு, கேளு. ஓம் அப்படின்னா ஆமான்னுதான் அர்த்தம். அம்மாவுக்கு லீவு கிடைக்கல, அதான் வரல. நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல."

அனு தலையை ஆட்டினாள். "உங்களுக்குத் தெரியாதுக்கா. சொட்டுவே சொல்லிச்சு, டிவில."

சொட்டுவே சொல்லிவிட்டதாம். அதற்கு மேல் யார் பேச்சு எடுபடும்?

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வீரப்பன் அங்கிள் வந்தார். அவர் கைப்பேசியில் அனுவின் அம்மா முகம் தெரிந்தது. "பாப்பா எங்க? பாப்பா, அம்மாவைப் பாரு!"

அனு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் வர மாட்டேன். எனக்கு இன்னும் சரியா வரல. சரியா வந்தப்புறம்தான் அம்மாகிட்டப் பேசுவேன்."

"வர்ற சனிக்கிழமை எப்படியாவது வந்துருவேன், கண்ணு. வருவேன்னு நம்புறியா?"

மேசைக்கு அடியிலிருந்து சத்தமே இல்லை.

அனுவின் அம்மா காத்திருந்தார். "நம்புறியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். குரல் மாறிவிட்டது. பிறகு, "சரி, அவளுக்குத் தூக்கம் வருது போல" என்று சொல்லி, திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வதனாவுக்கு அழுகை முட்டியது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அனு சரியாகச் சாப்பிடவில்லை. மூலையில் உட்கார்ந்து, வராத குரலில் ஓம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு?" என்றான் நிஷாந்த். "நான்தான் சொட்டு எண்டு அவளிட்டச் சொல்லு. சொட்டுக் குரலில கதைச்சுக் காட்டு. முடிஞ்சுது!"

வதனா சொன்னாள். "அப்ப அவளுக்கு வானத்தில சொட்டு இருக்காது, அண்ணா. பக்கத்து வீட்டு வதனாதான் இருப்பாள். அம்மாவும் தூரத்தில, சொட்டுவும் இல்லையெண்டால் பாவம் எல்லோ?"

"பிறகென்ன செய்யப் போறாய்?"

"சொட்டுவே சொல்லட்டும்" என்றாள் வதனா.

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் அப்பா இருவரையும் ஸ்டூடியோவில் இறக்கிவிட்டுப் போனார். இந்தச் சனிக்கிழமைக் கதைக்குக் குரல் பதிவு. இந்த ஸ்டூடியோவில் படத்தை முதலில் வரைந்து முடித்துவிட்டு, அப்புறம்தான் குரல் சேர்ப்பார்கள். திரையில் சொட்டுவின் வாய் எப்படி அசைகிறதோ, அதற்குத் தக்கபடி வதனா பேச வேண்டும்.

மோகனா அக்கா தே ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாகும்டா. பரவாயில்லதானே?"

"ஐயோ, லேட்டாப் போனா அம்மா பேசுவா!" என்றான் நிஷாந்த்.

"பேசட்டுமே! எனக்கும் அம்மாகூடப் பேசி ரொம்ப நாளாச்சு. போனைப் போடு."

"இல்லக்கா... பேசுவா. அதாவது, திட்டுவாங்க."

மோகனா அக்காவின் ஸ்ட்ரா வாயிலிருந்து நழுவியது. "பேசுவான்னா திட்டுறதா? அப்ப பேசுறதுக்கு என்ன சொல்வீங்க?"

"கதைக்கிறதுன்னு சொல்லுவோம்."

"கதைன்னா ஸ்டோரிலா!" என்றார் ஒலிப்பதிவு செய்யும் பிச்சைமுத்து அண்ணன். அவர் ஹெட்போனைக் கழற்றிப் பேசுவதே அபூர்வம்.

மோகனா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் என்னென்னடா ஒளிச்சு வச்சிருக்கீங்க உங்க வீட்டுல?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"இன்னொண்ணு இருக்குக்கா" என்றாள் வதனா. "ஓம்."

"ஓம்?"

"எங்க வீட்டுல ஓம்னா ஆமா. அவ்வளவுதான்."

மோகனா அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நிஷாந்தைப் பார்த்தார். நிஷாந்த் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தான்.

"அப்ப... படத்துல... அந்தக் கடைசி சீன்ல நீ மந்திரம் சொல்லல?"

"அம்மா மேகம் நம்புறியான்னு கேட்டுச்சுக்கா. எனக்கு டயலாக் மறந்துபோச்சு. ஆமான்னு சொன்னேன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க."

"அடப்பாவி! பரிசு வாங்குற மேடையில ஏறி, 'குழந்தையின் வாயில் ஆதி ஒலி'ன்னு நான் எவ்வளவு நேரம் பேசினேன் தெரியுமா? முதல் வரிசையில ஒருத்தர் தூங்கியே போயிட்டார்டா!"

"நான் வேற மணிச் சத்தமெல்லாம் சேர்த்தேனே" என்றார் பிச்சைமுத்து அண்ணன். அவர் தோள் குலுங்கியது. அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

வதனா சிரிக்கவில்லை.

"அக்கா, பக்கத்து வீட்டு அனுவுக்குத் தொண்டை போயிடுச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மழையில் நின்றது, பூனை ஓடியது, மேசைக்கு அடியில் உட்கார்ந்தது, அனுவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவ முன்னாடி சரியாத்தான்க்கா சொல்லிக்கிட்டு இருந்தா. நான்தான் கெடுத்துட்டேன்."

மோகனா அக்கா சிரிப்பை நிறுத்தினார். "நீ கெடுக்கலம்மா. எழுதிக் கொடுத்தது நான்" என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா என்ன பண்றது? படம் வரைஞ்சாச்சு. நாளைக்கு டிவிக்குப் போகணும். சொட்டு வாயைத் திறந்து ஓஓஓம்னு சொல்லுற மாதிரியேதானே வரைஞ்சிருக்கு? இனிமே மாத்த நேரமே இல்ல."

"ஒரு தடவை போட்டுக் காட்டுறீங்களா?" என்றாள் வதனா.

விளக்கை அணைத்தார்கள். நீல வானம் வந்தது. சொட்டு மிதந்து வந்தது. கண்ணை மூடியது. வாய் மெல்ல மெல்லத் திறந்து, பெரிதாகி, அப்படியே நின்று, கடைசியில் டப்பென்று மூடியது. மின்னல் வெட்டியது.

வதனா திரையைப் பார்த்துக்கொண்டே தானும் வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். அவள் கண் பளிச்சென்றது.

"ஆஆஆஆ... ச்சும்!"

"ஹேய்!" என்று துள்ளினார் பிச்சைமுத்து அண்ணன். "தும்மல்! வாய் சரியாப் பொருந்துதுலா!"

"சொட்டுதானே? தும்மத்தானே செய்யும்?" என்றாள் வதனா.

மோகனா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தும்மினதுல மின்னல் வருது. நல்லாத்தான் இருக்கு! சரி, மந்திரம் போச்சு. ஆனா அந்தப் பாப்பாவுக்கு ஓம்னா என்னன்னு யார் சொல்லுறது?"

படம் ஓடிக்கொண்டே இருந்தது. கதை முடிந்து, சொட்டு வீட்டுக்குத் திரும்பியது. சாயங்கால வெளிச்சம். கீழே செம்பனை மரங்கள் மஞ்சளாக, மேலே வானம் ரோஜா நிறமாக. நடுவில் சொட்டு மட்டும் மலைப் பக்கம் பார்த்து மெதுவாக மிதந்து போனது. வசனம் எதுவும் இல்லை.

"நிறுத்துங்க!" என்றாள் வதனா. "அக்கா, இங்க சொட்டுவோட முதுகுதானே தெரியுது? வாய் தெரியலையே!"

"ஆமா."

"வாய் தெரியலைன்னா, என்ன வேணும்னாலும் பேசலாம்தானே?"

மோகனா அக்கா பிச்சைமுத்து அண்ணனைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டை விரலை உயர்த்தியிருந்தார்.

எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் வதனாவின் கையில் இல்லை. கதவு மூடியது. உலகம் அமைதியானது. கால் தரையை விட்டது. ரோஜா நிற வானத்தில் அவள் மிதந்து போனாள். எதிரே அம்மா மேகம் போன வழி. பின்னால் எங்கேயோ, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்.

சொட்டு பேசியது.

"அம்மா... இப்ப நீ எந்த ஆத்துல ஓடிக்கிட்டு இருக்கே? மெதுவாவே வாம்மா. அன்னிக்கு நீ வருவேன்னு சொன்னே. நான் ஓம்னு சொன்னேன். மேகங்க பாஷையில ஓம்னா ஆமா. மந்திரம் இல்ல. அதைக் கத்திச் சொல்ல வேணாம். நான் சின்னதாத்தான் சொன்னேன். உனக்குக் கேட்டுச்சுதானே?"

மலைக்குப் பின்னால் சொட்டு மறைந்தது. விளக்கைப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

"மணிச் சத்தம் சேர்க்கவா?" என்று கடைசியில் பிச்சைமுத்து அண்ணன் கேட்டார்.

"ஒண்ணும் சேர்க்காதீங்க" என்றார் மோகனா அக்கா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் வதனா வீட்டுச் சோபாவில் அனு சுருண்டு படுத்திருந்தாள். டிவி பார்க்கக்கூட அவளுக்கு ஆசை இல்லை. வதனாதான் தலையணையை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

சொட்டு வாயைத் திறந்தது. அனு முன்னால் குனிந்தாள். அவளும் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"ஆஆஆஆ... ச்சும்!"

அனு திகைத்துப் போனாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள். "சொட்டுவுக்குச் சளி பிடிச்சிருச்சுக்கா!"

அப்புறம் ரோஜா நிற வானம் வந்தது. சொட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போனது. பேசியது.

அனு அசையவே இல்லை. பாட்டு வந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, சோப்பு விளம்பரம் வந்த பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொட்டு ஏன்க்கா அந்தப் பக்கம் திரும்பிப் பேசிச்சு?"

"அம்மா போன பக்கம் பார்த்துப் பேசிச்சு போல."

"சின்னதாச் சொன்னாலும் கேட்டுச்சாமா?"

"ஓம்" என்றாள் வதனா, வீட்டுப் பழக்கத்தில்.

அனு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வதனாவை மேலும் கீழும் பார்த்தாள். "வதனாக்கா, நீங்களும் மேகமா?"

சமையலறை வாசலில் நின்ற நிஷாந்த், லாரிக் குரலில் உறுமினான். "நான் இடி!"

"ஆன்ட்டி, பசிக்குது!" என்று அனு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அந்த வாரத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

வதனாவின் அம்மா இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுவந்து வைத்தார். அனு பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். மூக்கில்கூடச் சொதி ஒட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து வீரப்பன் அங்கிள் கைப்பேசியை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பாப்பா! அம்மாகிட்டப் பேச மாட்டியாடா?" திரையில் அனுவின் அம்மா. கண் வீங்கியிருந்தது. "இந்த வாரமும் முடியலடா. அடுத்த சனிக்கிழமைக்கு லீவு போட்டாச்சு. கண்டிப்பா வருவேன். வருவேன்னு நம்புறியா?"

அனு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கட்டிப் போன தொண்டையில் இருந்த கொஞ்சம் குரலில், மெல்லச் சொன்னாள். "ஓம்."

சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு அது போதவில்லை. கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். "இன்னொரு தடவை சொல்லு, கண்ணு. ஒரே ஒரு தடவை."

"அதான் சொல்லிட்டேன்லாம்மா!" என்றாள் அனு, வாய் நிறைய இடியப்பத்தோடு. "மந்திரமா என்ன, திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு? நீ போயி வேலையைப் பாரு. நான் சாப்பிடணும்."

சிங்கப்பூரில் அவள் அம்மா சிரித்த சிரிப்பில், வீரப்பன் அங்கிள் கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.